செலே பள்ளத்தாக்கின் மேல் ஒரு கல்வீடு

11 அக்டோபர் 2024, வெள்ளிக்கிழமை

எனக்கும் என் கணவருக்கும் திருமணமாகிப் பதினைந்து ஆண்டுகள் நிறைந்துவிட்டன. அவற்றில் கடைசிப் பதினொரு ஆண்டுகளாக நான் பாரீசின் வடக்குப் புறநகரில் முதியோர் மருத்துவமனை ஒன்றில் இரவுப் பணி பார்க்கிறேன். அவர் பேருந்து ஓட்டுநர். அதிகாலை நாலரை மணிக்குப் பணிமனையில் இருக்க வேண்டும். நான் காலையில் வீடு திரும்பும்போது அவர் சாலையில் இருப்பார். அவர் மாலையில் கண்ணயரும்போது நான் சீருடையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருப்பேன். பிள்ளைகளின் பள்ளிக்கட்டணம், புதுச்சேரியிலிருந்து வந்த தொலைபேசிச் செய்தி, பால் தீர்ந்துபோனது எல்லாவற்றையும் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டும் சீட்டுகளில்தான் ஒருவருக்கொருவர் தெரிவித்துக்கொள்கிறோம். என் நாத்தனார்தான் அந்தச் சீட்டுகளை ஒருநாள் நின்று படித்துப் பார்த்துவிட்டு, "பிள்ளைங்கள நான் பாத்துக்கிறேன், மூணு நாள் ரெண்டு பேரும் எங்கயாவது போயிட்டு வாங்க" என்றார். திருமண நாள் ஆவணியிலேயே கடந்துவிட்டது. இருவருக்கும் ஒரே நேரத்தில் விடுப்பு கிடைத்தது அக்டோபரில்தான்.

பிரான்சுக்கு வந்து பதினான்கு ஆண்டுகளாகியும் இந்த நாட்டின் கிராமப்புறத்தை நாங்கள் நெடுஞ்சாலையின் வேலிக்கு இப்பாலிருந்து மட்டுமே பார்த்திருந்தோம். ஆகவே தென்மேற்கில் லொத் மாவட்டத்தில், செலே ஆற்றுப் பள்ளத்தாக்கிற்கு மேலே உள்ள சுண்ணாம்புக்கல் மேட்டில், ஒரு 'ஜீத்' எடுத்தோம். படுத்து உறங்கும் இடம் என்பது அச்சொல்லின் பழைய பொருள். முயல் பதுங்கும் புல்மடுவுக்கும் இங்கே அதே பெயர்தான். இத்தகைய நாட்டுப்புற வாடகை வீடுகளில் முதலாவது 1951இல் ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் திறக்கப்பட்டது. ஆட்கள் நகரத்துக்குப் போய்விட்டதால் பாழடைந்துகொண்டிருந்த பண்ணைவீடுகளைக் காப்பதும், எஞ்சியிருந்த உழவர்களுக்குச் சிறிது வருமானம் தேடித் தருவதும் அதன் நோக்கம். நாங்கள் எடுத்தது பழைய ஆட்டுத் தொழுவத்தைத் திருத்திக் கட்டிய வீடு. மூன்று இரவுகளுக்கு 270 யூரோ. விறகுக்குத் தனியாகப் பத்து யூரோ.

புறப்பட்ட நாள் ஆயுத பூஜை. ஓட்டுநர் வீட்டில் அதைத் தவறவிட முடியாது. நான் இரவுப் பணி முடிந்து ஏழேகாலுக்கு வீடு வந்தபோது அவர் காரைக் கழுவித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, நான்கு சக்கரங்களின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுக் காத்திருந்தார். நான் மூன்று மணி நேரம் உறங்கி எழுந்ததும், நண்பகலுக்குப் பழங்களை நசுக்கிக்கொண்டு கிளம்பினோம்.

வியர்சோன் முதல் பிரீவ் வரை, தெற்கே போகும் நெடுஞ்சாலைக்குச் சுங்கம் கிடையாது. சாலையும் மலைப்பாங்கான பசும்புல் நிலங்களின் நடுவே அழகாகவே போகிறது. ஆனால் லிமோஜுக்கு முன்னால் ஒரு சரக்கு லாரி கவிழ்ந்து கிடந்ததால் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக ஓரடி நகரவில்லை. மாலை ஏழு மணிக்குள் போய்ச் சேர்ந்து, ஊரில் இருக்கும் ஒரே மளிகைக் கடையில் வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம் என்று போட்ட கணக்கு அங்கேயே முறிந்தது. கப்ரெரே என்னும் ஊரை அடைந்தபோது மணி எட்டரை. கடை, உணவகம், ரொட்டிக்கடை எல்லாம் கதவடைத்திருந்தன. தெருவில் ஒரு பூனையைத் தவிர உயிரசைவே இல்லை. அலைபேசித் தொடர்பும் அங்கேயே அறுந்துபோனது. வீட்டுக்கார அம்மையார் கடிதத்தில் எழுதியிருந்த "புறாக் கோபுரம் தாண்டி, கற்சுவர் ஓரமாக இரண்டாவது மண்பாதை" என்னும் வழியை விளக்கு வெளிச்சத்தில் தேடி, இரண்டு முறை தவறான தொழுவத்துக்குள் நுழைந்து, ஒன்பதரைக்குத்தான் கதவைக் கண்டுபிடித்தோம். சாவி பூந்தொட்டிக்கு அடியில் இருந்தது. தாம் தேவாலயப் பாடகர் குழுவின் பயிற்சிக்குப் போயிருப்பதாகவும் காலையில் வந்து பார்ப்பதாகவும் அம்மையார் சீட்டு எழுதி வைத்திருந்தார். குளிர்பெட்டிச் சீட்டுகளுக்குப் பழகிய எங்களுக்கு அது வீட்டு நினைவை வரவழைத்தது.

மேசைமேல் ஒரு கூடை நிறைய வால்நட், ஒரு சீசா பிளம்ஸ் பழப் பாகு, ஒரு புட்டி காவோர் திராட்சை மது. காரில் பாதி ரொட்டி மிஞ்சியிருந்தது. படுக்கையறைக்குள் போனபோதுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது: மெத்தையும் கம்பளிகளும் இருந்தன, விரிப்பு இல்லை. ஒப்பந்தத்தின் கடைசி வரியில் "துணிகள் தரப்படமாட்டா" என்று இருந்ததை நான்தான் அவசரமாகப் படித்து, துணி துவைத்துத் தரமாட்டார்கள் என்று புரிந்துகொண்டிருந்தேன். படுக்கை விரிப்பும் துண்டும் விருந்தினரே கொண்டுவருவது இவ்வகை வீடுகளில் பொதுவான வழக்கம் என்பது எனக்குத் தெரியாது. பெட்டியில் இருந்த சுங்குடிப் புடவையை மெத்தைமேல் விரித்தேன். அவருடைய வேட்டி போர்வைக்கு உள்விரிப்பாயிற்று.

இப்பக்கத்து வீடுகளில் சமையலறைச் சுவரையே குடைந்தது போன்ற பெரிய கணப்பு இருக்கும். அதன் உள்ளேயே இருபுறமும் ஆள் உட்காரத் திண்ணை உண்டு. 'கந்தூ' என்று அதைச் சொல்கிறார்கள். என் கணவர் வாழ்நாளில் முதன்முறையாகக் கணப்பு மூட்டினார். புகைபோக்கியின் தகட்டைத் திறக்க வேண்டும் என்பது வீடு முழுக்கப் புகை சூழ்ந்த பிறகே எங்களுக்குத் தெரிந்தது. கண் எரியச் சன்னல்களைத் திறந்து வைத்துக் குளிரில் நின்றோம். பிறகு தீ நன்றாகப் பிடித்தது. எதிரெதிர்த் திண்ணைகளில் அமர்ந்து, அவர் வால்நட்டை உடைத்துத் தர, நான் ரொட்டியில் பாகு தடவித் தர, அதுவே எங்கள் இராச்சாப்பாடாக அமைந்தது. இருவரும் வேலைக்குக் கிளம்பும் அவசரமில்லாமல் ஒரே நேரத்தில் உண்டு முடித்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். கடந்த பொங்கல்தான் நினைவுக்கு வந்தது.

12 அக்டோபர், சனிக்கிழமை

விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. மருத்துவமனையில் அது என் இரண்டாம் சுற்றின் நேரம். படுக்கை படுக்கையாகப் போய், புரண்டு படுக்க இயலாத முதியவர்களைத் திருப்பிப் படுக்க வைப்பேன். உடம்பு அந்த நேரத்தை விடவில்லை. பக்கத்தில் திரும்பினால் அவரும் விழித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது பல் துலக்கும் நேரம். இருவரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்தோம்.

நிலவு நள்ளிரவை ஒட்டி மறைந்துபோயிருந்தது. இம்மேட்டுநிலத்தின் ஒரு பகுதியை 'கேர்சியின் கரு முக்கோணம்' என்று வானியல் ஆர்வலர்கள் சொல்வது பற்றிப் படித்திருக்கிறேன்; கேர்சி என்பது இவ்வட்டாரத்தின் பழைய பெயர். பெருநகரங்களின் வெளிச்சம் எட்டாததால் பிரான்சிலேயே மிக இருண்ட வானங்களில் ஒன்று இங்கே கிடைக்கிறது. படித்தது ஒன்று, அண்ணாந்து பார்த்தது வேறொன்று. சிறுமியாக வில்லியனூரில் என் பாட்டி மொட்டைமாடியில் விரல் நீட்டிக் காட்டிய கார்த்திகைக் கூட்டம் தலைக்கு மேலே தனித்தனி மீனாகத் தெரிந்தது. தென்கிழக்கில் திருவாதிரை செம்மையாக எரிந்தது. பால்வழி மண்டலத்தை அவர் முதலில் மேகம் என்று நினைத்தார். அரை மணி நேரம் நின்றிருப்போம். பாதங்கள் மரத்துப்போன பிறகுதான் உள்ளே வந்தோம். பின்பு ஒன்பது மணி வரை இருவரும் உறங்கினோம். அப்படி ஒரு காலை உறக்கத்தை நான் அடைந்து நெடுங்காலம் ஆயிற்று.

கதவு தட்டும் ஓசையில்தான் எழுந்தோம். வீட்டுக்கார அம்மையாருக்கு எழுபது வயதைத் தாண்டியிருக்கும். முழங்கால் வரை ரப்பர் காலணி அணிந்திருந்தார். கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம் இட்டதுபோல் இருக்கும் இம்மேட்டுநிலத்து வெண்ணிறச் செம்மறிகள் நாற்பது வைத்திருப்பதாகச் சொன்னார். படுக்கையில் விரித்திருந்த புடவையைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். துணியின் புள்ளிகளைத் தொட்டுப் பார்த்து, ஒவ்வொரு புள்ளியும் நூலால் முடிந்து சாயம் தோய்த்தது என்று நான் விளக்கியதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். ஒன்றும் சொல்லாமல் போனவர், கால்மணி நேரத்தில் கனத்த லினன் விரிப்புகள் இரண்டோடு திரும்பி வந்தார். சிவப்பு நூலால் மூலையில் இரண்டு எழுத்துகள் பின்னப்பட்டிருந்தன. அலமாரிக் கட்டையின் வாசமும் லாவெண்டர் வாசமும் அவற்றில் கலந்திருந்தன. வாடகை எவ்வளவு என்று கேட்டதற்குக் கையை அசைத்து மறுத்துவிட்டார்.

காவோர் நகரத்தில் புதனும் சனியும் காலைச் சந்தை. லொத் ஆறு அந்நகரத்தை மூன்று பக்கமும் வளைத்து ஓடுகிறது. நாங்கள் போனபோது மூடுபனி ஆற்றை முழுவதும் மறைத்திருந்தது. புனித எத்தியேன் பேராலயத்தின் இரட்டைக் குவிமாடங்கள் பனிக்கு மேலே தெரிய, அதன் முன்வாசலில் சந்தை கூடியிருந்தது. அங்கே ஒரு பாடம் கற்றேன். ரொட்டி விற்ற பெண்மணியிடம் நான் நேராக, "அந்த ரொட்டி என்ன விலை?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல், என் கண்ணைப் பார்த்து, "பொன்ஜூர், மதாம்" என்றார். குரலில் கோபமில்லை. நான் விலையைத் திரும்பக் கேட்டேன். மறுபடியும் அதே வணக்கம். நான் வணக்கம் சொன்ன பிறகே முகம் மலர்ந்து, விலையையும், அது வால்நட் மாவு கலந்த ரொட்டி என்பதையும், எப்படி நறுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். பாரீசிலும் இவ்வழக்கம் உண்டுதான். ஆனால் அங்கே பின்னால் வரிசை நெருக்குவதால் அதைப் பாதி விழுங்கிச் சொல்லப் பழகியிருந்தேன். இங்கே முழுதாகச் சொல்லாமல் வியாபாரம் தொடங்குவதில்லை. திண்ணையில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை நலம் கேட்காமல் படியேறினால் என் பாட்டியும் இப்படித்தான் பேசாமல் இருப்பார்.

புரட்டாசியின் கடைசிச் சனிக்கிழமை அன்று. அன்றைக்கு மட்டும் கவிச்சி தொடக்கூடாது என்பது என் மாமியார் வீட்டு வழக்கம். வாத்துக் கொழுப்பின் நாடு என்று பெயர் பெற்ற ஊரில் அதைக் கடைப்பிடிப்பது எளிதல்ல; முதல் பத்துக் கடைகளில் ஆறில் வாத்துதான். இருந்தும் எங்கள் பை நிறைந்தது. ரொக்கமதூர் என்னும் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, உள்ளங்கையில் அடங்கும் மெல்லிய வட்டு. ஒன்று 35 கிராம் இருக்கும். ஆறு வட்டு ஐந்து யூரோவுக்கு வாங்கினோம். காட்டுக் காளான் கிலோ 26 யூரோ என்றதும் நான் தயங்கினேன். என் கணவர் முந்நூறு கிராம் நிறுத்து வாங்கிவிட்டார். ஒரு மேசையில் நடுவயதுக்காரர் ஒருவர் குங்குமப்பூ விற்றார். கேர்சியில் இடைக்காலத்திலேயே குங்குமப்பூ விளைந்திருக்கிறது; பின்பு மறைந்துபோன அந்தப் பயிரை அண்மைக் காலத்தில் உழவர்கள் மீண்டும் தொடங்கியிருக்கிறார்கள். பூக்கும் பருவமே அக்டோபர்தான். காலையில் பறித்து அன்றே பூவின் நடுவிலுள்ள சிவந்த சூல்முடிகளைக் கிள்ளி உலர்த்த வேண்டும் என்றும், ஒரு கிராமுக்கு ஏறத்தாழ நூற்றைம்பது பூக்கள் வேண்டும் என்றும் அவர் சொன்னார். விரல் நுனிகள் மஞ்சளேறிக் கிடந்தன. கிராமில் பத்தில் ஒரு பங்கு அடங்கிய கண்ணாடிக் குப்பி நான்கு யூரோ. நான் இரண்டு பிள்ளைகளைச் சுமந்தபோதும் பாலில் கலந்து குடித்த குங்குமப்பூ எந்த நிலத்திலிருந்து யார் விரலால் வந்தது என்று அதுவரை நினைத்ததில்லை.

பிற்பகல் வலோன்த்ரே பாலத்துக்குப் போனோம். 1308இல் கால்கோள் இட்டுப் பல பத்தாண்டுகள் நீடித்துக் கட்டிய இப்பாலத்தின்மேல் மூன்று காவற் கோபுரங்கள் நிற்கின்றன. வேலை முடியாமல் தவித்த கட்டுநர், தன் ஆன்மாவை விலையாகப் பேசிச் சாத்தானை உதவிக்கு அழைத்தாராம். முடியும் தறுவாயில், கூலியாட்களுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிச் சல்லடையை நீட்டினாராம். தோற்றுப்போன சாத்தான், நடுக்கோபுரத்தின் மூலைக்கல்லை இரவுதோறும் பிடுங்கிப் போட்டதாகக் கதை. 1879இல் பாலத்தைப் புதுப்பித்த பொறுப்பாளர் போல் கூ, அம்மூலையில் விரல்கள் கல்லிடுக்கில் சிக்கிக்கொண்ட சாத்தான் உருவத்தைச் செதுக்கி வைக்கச் செய்தார். என் கணவர் கழுத்து வலிக்க அண்ணாந்து அதைத் தேடிக் கண்டுபிடித்து, பக்கத்தில் நின்ற, யாரோ பெற்ற பிள்ளைகள் இருவருக்கும் காட்டிக்கொடுத்தார்.

இரவு, வானம் முழுக்க மேகம். காளானைப் பூண்டும் மிளகும் சேர்த்து வதக்கி, கொண்டுபோயிருந்த பொன்னி அரிசியில் சோறு வடித்தோம். காளானுக்கு அவர் கொடுத்த விலை நியாயமானதுதான்.

13 அக்டோபர், ஞாயிற்றுக்கிழமை

விடியும்போதே மழை. பெஷ் மெர்ல் குகைக்குக் காலைச் சீட்டு முன்பே எடுத்திருந்தோம். அங்கே ஒரு நாளைக்கு 700 பேருக்கு மேல் விடுவதில்லை. மனிதரின் மூச்சே ஓவியங்களைக் கெடுத்துவிடும் என்பதால் அக்கட்டுப்பாடு. 1922இல் ஆந்திரே தவீத், ஆன்றி துதேர்த்ர் என்னும் இரு பதின்வயதுச் சிறுவர்கள் இதற்குள் தவழ்ந்து போய் ஓவியங்களைக் கண்டார்கள். அக்கம்பக்கக் குகைகளை ஆராய்ந்துவந்த உள்ளூர்ப் பாதிரியார் லெமோசியின் ஆர்வம் அவர்களையும் தொற்றியிருந்தது. உள்ளே ஆண்டு முழுவதும் 12 டிகிரி அளவே வெப்பம். வெளியே மழையில் நனைந்து போன எங்களுக்கு அதுவே இதமாக இருந்தது.

புள்ளிக் குதிரைகளின் முன் வழிகாட்டிப் பெண் விளக்கை ஏற்றியபோது எங்கள் குழுவில் யாரும் பேசவில்லை. நான்கு மீட்டர் அகலப் பாறையில் ஒன்றுக்கொன்று முதுகு காட்டி இரண்டு குதிரைகள். உடல் முழுக்கவும் உடலுக்கு வெளியேயும் கரும்புள்ளிகள். சுற்றிலும் ஆறு கைத்தடங்கள். வலப்பக்கத்துக் குதிரையின் தலை இருக்க வேண்டிய இடத்தில் பாறையே குதிரைத் தலைபோல் நீண்டிருக்கிறது. அதைப் பார்த்த பிறகே அன்றைய ஓவியர் குதிரையைத் தீட்டத் தொடங்கியிருக்க வேண்டும். ஏறத்தாழ 29,000 ஆண்டுகளுக்கு முந்தையவை என்று கணித்திருக்கிறார்கள். மிஷெல் லோர்பிளான்ஷே என்னும் தொல்லியலாளர், கரியை மென்று எச்சிலோடு வாயால் ஊதித் தெளித்து, இதே அளவில் வேறொரு பாறையில் குதிரைகளைத் தீட்டிப் பார்த்தார். அவருக்கு 32 மணி நேரம் பிடித்ததாம். கைத்தடங்களும் அவ்வாறே, கையைப் பாறையில் ஊன்றிச் சுற்றிலும் நிறத்தை ஊதி உண்டாக்கியவை. வேலை முடிந்ததும் கைகழுவுவதே என் இரவுகளின் பாதி என்பதாலோ என்னவோ, அந்தக் கைகளை விட்டு என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. என் கணவரோ, இன்னும் உள்ளே களிமண் தரையில் இருந்த ஒரு சிறுபிள்ளையின் காலடித் தடங்களின் முன்னே வெகுநேரம் நின்றார். மேலே வளர்ந்த ஓக் மரத்தின் வேர் ஒன்று குகையின் கூரையைத் துளைத்துக்கொண்டு தரை வரை இறங்கியிருப்பதையும் கண்டோம்.

மதிய உணவுக்கு அம்மையார் சொல்லி அனுப்பிய சிறிய விடுதி. ஞாயிறு மதியம் பன்னிரண்டரைக்குள் உட்கார்ந்தால்தான் உண்டு. பிறகு வருவோருக்குச் சமையலறை மூடிவிடும். ஆளுக்கு 28 யூரோ, மது சேர்த்து. அட்டையில் உணவு வகைகளே எழுதியிருக்கவில்லை. அன்று சமைத்தது வரும், அவ்வளவுதான். திருமண நாளுக்காக வந்திருக்கிறோம் என்று அம்மையார் முன்பே தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். விடுதிக்காரப் பெண்மணி பெரிய மண்கலத்தைத் தூக்கி வந்து எங்கள் நடுவே வைத்து, "இது தூரேன். இந்த ஊரில் முதலிரவன்று மணமக்களுக்கு நள்ளிரவில் கொண்டுபோய்க் கொடுப்பது. நீங்கள் பதினைந்து ஆண்டு தாமதம்" என்றார். பூண்டை வாத்துக் கொழுப்பில் வதக்கி, நீர் விட்டுக் கொதிக்க வைத்து, முட்டையின் வெண்கருவை இழையிழையாக ஊற்றி, மஞ்சள்கருவை வினிகரில் கலந்து கெட்டிப்படுத்தி, காய்ந்த ரொட்டித் துண்டுகளின்மேல் வார்ப்பது தூரேன். நண்பர்கள் கூட்டமாகப் பாடிக்கொண்டே போய்க் கதவைத் தட்டி, மணமக்கள் குடித்து முடிக்கும்வரை நகரமாட்டார்களாம். எங்கள் பக்கத்தில் பாலும் பழமும் வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள் என்று நான் சொன்னேன். பூண்டு ஒரு பல்கூட இல்லையா என்று அவர் உண்மையான கவலையோடு கேட்டார். பிள்ளை பிறந்த பிறகுதான் தாய்க்குப் பூண்டு என்று விளக்கியதும் அதை ஏற்றுக்கொண்டு தலையசைத்தார். சுவை எங்கள் பூண்டு ரசத்துக்கு ஒன்றுவிட்ட உறவு. புளிக்குப் பதில் வினிகர், மிளகின் காரம் மட்டும் குறைவு. இருவரும் இரண்டாம் முறை வாங்கிக் குடித்தோம்.

பக்கத்து மேசையில் எண்பதைத் தாண்டிய முதியவர் ஒருவர் தனியாக உண்டுகொண்டிருந்தார். கிண்ணத்தில் கொஞ்சம் சூப்பு மிஞ்சியதும் அதில் சிவப்பு மதுவை ஊற்றிச் சுழற்றி, கிண்ணத்தை இருகையாலும் ஏந்தி ஒரே மூச்சில் குடித்தார். 'ஷப்ரோல் செய்வது' என்று இதற்குப் பெயர். எங்களைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்டார். பாரீஸ் என்றோம். அதற்கு முன்பு? புதுச்சேரி. அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, பள்ளிப் பிள்ளை ஒப்பிப்பதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்து, "பொந்திஷேரி, கரிக்கால், யனாவோன், மாயே, ஷாந்தெர்நகோர்" என்று ஐந்து பெயர்களையும் ஒரே ராகத்தில் சொன்னார். பிரெஞ்சு இந்தியாவின் அந்த ஐந்து ஊர்களைச் சிறுவயதில் மனப்பாடம் செய்தவராம். அந்த வரிசையிலிருந்து ஒருவரை வாழ்நாளில் நேரில் காண்பது இதுவே முதல்முறை என்றார். 1954இல் புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்ததும், 1962இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது என் தாத்தா பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்ததும் எங்கள் வீட்டில் ஓயாமல் பேசப்படும் கதைகள். ஒரு தாளில் அவர் ஒப்பமிட்ட அந்தக் கையெழுத்தால்தான் நான் இந்த மேசையில் இருக்கிறேன். முதியவர் எழுந்து போகும்போது என் கணவரின் தோளைத் தட்டி, எனக்குத் தொப்பியைக் கழற்றினார்.

வாத்துத் தொடை, உருளைக்கிழங்கு, தேன் ஊற்றிய ஆட்டுப் பாலாடைக்கட்டி, வால்நட் அப்பம் என்று சாப்பாடு மூன்று மணி வரை நீண்டது. அதற்குள் மழை விட்டிருந்தது. உண்டது செரிக்க, பூசியெஸ் ஊரிலிருந்து லொத் ஆற்றோரமாக நடந்தோம். படகுகளைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுப்பதற்காக 19ஆம் நூற்றாண்டில் செங்குத்துப் பாறையின் அடியைக் குடைந்து அமைத்த பாதை அது. மேற்கூரையாகப் பாறை தலைக்கு மேல் வளைந்து நிற்க, ஒருபுறம் ஆறு. இருவர் மட்டும் தோளோடு தோள் நடக்க இடம் இருக்கிறது. பேசினால் பாறை எதிரொலிக்கும் என்பதால் தாழ்ந்த குரலில்தான் பேசினோம். ஊரில் அவருடைய தாயாரின் வீட்டை விற்பதா வேண்டாமா என்பது இரண்டு ஆண்டுகளாகச் சீட்டில் எழுத முடியாத விஷயமாகக் கிடந்தது. அதை அங்கே பேசி முடித்தோம். விற்பதில்லை.

ஆற்றுக்கு நூறு மீட்டர் உயரத்தில் தொங்கும் சேன் சீர் லாபோப்பி ஊரின் அழகைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நாங்கள் ஏறிச் சேர்ந்தபோது வெளிச்சம் குறைந்துவிட்டது. கடைகளும் மூடத் தொடங்கியிருந்தன. கால் வலித்தது. ஓடு வேய்ந்த செங்குத்துக் கூரைகளை மேலிருந்து ஒரு முறை பார்த்துவிட்டு, அங்கேயே ஒரு வாடகை வண்டியை வேண்டிக் காருக்குத் திரும்பினோம். முப்பது யூரோ கேட்டார், கொடுத்தோம்.

வீட்டை அடைந்தபோது எட்டு மணியை நெருங்கிக்கொண்டிருந்தது. மேற்கில் மட்டும் மேகம் விலகியிருந்தது. அம்மையார் தம் வாசலில் நின்று கைகாட்டி அழைத்தார். தாழ்வானத்தில் வெள்ளி மின்ன, அதற்கு வலப்பக்கம் உயரத்தில் மங்கிய விளக்குமாற்றுக் கீற்றுப்போல் வால் நீண்ட ஒளி. சூச்சின்ஷான்–அட்லஸ் வால்மீன். 2023இல் கண்டறியப்பட்ட அது முந்தின நாள்தான் பூமிக்கு மிக அருகில், ஏறத்தாழ ஏழு கோடி கிலோமீட்டர் தொலைவில், கடந்திருந்தது. தென்கிழக்கே நிலவு வெளிச்சம் இருந்தும் வால் தெளிவாகவே தெரிந்தது. வால்மீன் ஆகாது என்று எங்கள் பாட்டிமார் சொல்வார்கள். இங்கேயும் முற்காலத்தில் அப்படித்தான் என்றார் அம்மையார். மூன்று பேரும் அது காட்டுக்குப் பின்னால் இறங்கும்வரை வாயில் சுவரில் சாய்ந்துகொண்டு பார்த்தோம்.

14 அக்டோபர், திங்கட்கிழமை

இவ்வகை வீடுகளில் புறப்படும் முன் வீட்டைத் துப்புரவு செய்து ஒப்படைக்க வேண்டும். அவர் கணப்பின் சாம்பலை வாரினார். நான் தரையைத் துடைத்தேன். மூன்றாம் இரவும் மூன்று மணிக்கு விழித்தேன், ஆனால் அவர் விழிக்கவில்லை. நான் அவரை எழுப்பவுமில்லை.

பத்து மணிக்கு அம்மையார் வந்து மின்கணக்கியைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். எங்கள் வாடகையில் அடங்கியதைவிட நான்கு யூரோ கூடுதல். விரிப்புகளை நான் துவைத்துக் காயவைக்க நேரமில்லாததற்கு வருத்தம் சொன்னேன். "மடிப்பது மட்டும் போதும், ஒற்றை ஆளால் மடிக்க முடியாது" என்று ஒரு முனையைத் தாம் பிடித்துக்கொண்டார். லினன் கனமானது, இருவரும் நாலு மூலையையும் இழுத்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். மூலையில் இருந்த எழுத்துகளைப் பற்றி அப்போதுதான் கேட்டேன். முதல் எழுத்து தம்முடையது, அடுத்தது தம் கணவருடையது என்றார். திருமணத்துக்கு முந்தைய பனிக்காலம் முழுக்க உட்கார்ந்து தாமே பின்னியவையாம். கணவர் போய் ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இரண்டாவது விரிப்புக்கு என் கணவர் வந்து என் முனையை வாங்கிக்கொண்டார். அம்மையார் அவருக்கு எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார்.

கிளம்பும்போது சுங்குடிப் புடவையை அவர் கையில் வைத்தேன். அவர் உள்ளே போய் ஒரு கோணிப் பை நிறைய வால்நட்டைக் கொண்டுவந்து காரின் பின்னிருக்கையில் வைத்து, அது சாயாமல் இருக்கப் பாதுகாப்புப் பட்டையையும் மாட்டிவிட்டார்.